மந்திரி சபைக் கணக்கும் கிராமத்து மனமும்

எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டாத தேர்தல் முடிந்த மறுநாளே தலைநகரங்களில் கூட்டல் கணக்கு ஆரம்பமாகிவிடும். இந்தக் கட்சிக்கு இத்தனை ஸ்தானம், அந்தக் கட்சிக்கு இத்தனை, சுயேச்சைகள் இத்தனை பேர், எவரை எவரோடு சேர்த்தால் பாதிக்கு மேல் வரும் என்று பத்திரிகைகளும் கட்சிக் காரியாலயங்களும் இரவு பகலாகக் கணக்குப் போடும். மந்திரிகள் பிரமாணம் எடுத்துக்கொண்டதும் விஷயம் தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் ஒவ்வொன்றின் பின்னாலும் ஆயிரக்கணக்கான வோட்டர்கள் நிற்கிறார்கள். அவர்கள் எதை விரும்பி வோட்டளித்தார்கள்? அந்த வோட்டு இன்னாரோடு இன்னாரைச் சேர்க்கப் பயன்படும் என்று அறிந்து அளித்தார்களா? சேர்ந்த பிறகு மகிழ்ந்தார்களா, மனம் கசந்தார்களா? இவற்றைக் கேட்பார் மிகச் சிலரே.

கூட்டு மந்திரி சபைகளைப் பற்றிய ஆராய்ச்சி இன்று அரசியல் சாஸ்திரத்தில் ஒரு பெரிய துறையாக வளர்ந்திருக்கிறது. ஆயினும் அந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி கோட்டைகளையும் சட்டசபைகளையும் சுற்றியே நடக்கிறது. அது திருவண்ணாமலையில், மலைக்கு மேற்குப் புறத்தில், கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களுக்கும் வந்து சேர வேண்டும் என்பதே நமது கட்சி. இவ்வூரை நாம் குறிப்பிடுவது அலங்காரத்துக்காக அன்று. சுதந்திரத்துக்குப் பின் சென்னை ராஜ்யத்தில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் மந்திரி சபையின் தலைவிதியை நிர்ணயித்தவற்றில் ஆற்காட்டு ஜில்லாக்களும் முக்கியமானவை. திருவண்ணாமலை அன்று வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது.

எண்கள் சொல்லும் கதை

1952-ம் வருஷத்துத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் ஸ்தானங்கள் 375. காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மைக்கு வேண்டியது 188, குறைவு 36. கம்யூனிஸ்டுகள் 62 ஸ்தானங்களுடன் பெரிய எதிர்க்கட்சியாக வந்தார்கள். பிரகாசம் பந்துலு தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒரு முன்னணியாகத் திரண்டு, மந்திரி சபை அமைக்கும் உரிமை தங்களுக்கே என்று வாதாடின. கவர்னர் ஸ்ரீ பிரகாசாவோ ராஜாஜியை அழைத்தார். ராஜாஜி சட்டசபைத் தேர்தலில் நின்றவர் அல்லர். மேல்சபைக்கு நியமனம் பெற்றவர். ஏப்ரல் 10-ம் தேதி அவர் பதவியேற்றார். ஜூலை 3-ம் தேதி நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 200 வோட்டுகளும் எதிராக 151 வோட்டுகளும் விழுந்தன.

தேர்தலில் காங்கிரஸ் வென்ற 152-க்கும் சபையில் மந்திரி சபைக்குக் கிடைத்த 200-க்கும் உள்ள வித்தியாசம் 48. இந்த 48-ன் கதையே அந்த மந்திரி சபையின் கதை என்று சொல்லிவிடலாம்.

அக்கதையில் இரண்டு கட்சிகளுக்கு முக்கிய இடம் உண்டு. எஸ். எஸ். ராமசாமி படையாச்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களையும், மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி 6 ஸ்தானங்களையும் பெற்றிருந்தன. முன்னதற்குப் பலம் தென் ஆற்காட்டில். பின்னதற்கு வட ஆற்காட்டிலும் செங்கற்பட்டிலும். இரண்டும் வன்னியர் சமூகத்தின் ஆதரவில் எழுந்தவை. தங்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடத்தைக் காங்கிரஸ் தங்களுக்குத் தரவில்லை என்ற மனக்குறையே இவற்றின் பிறப்புக்கு மூலம். மாணிக்கவேலு நாயகர் ராஜாஜி மந்திரி சபையில் இடம் பெற்றார். 1954-ம் வருஷம் ஏப்ரலில் காமராஜர் 8 பேர் கொண்ட மந்திரி சபையை அமைத்தபோது நாயகர் தொடர்ந்தார். படையாச்சியும் உள்ளே வந்தார். விரைவில் இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்து மறைந்தன.

இவ்வளவும் ஏட்டில் உள்ளது. ஏட்டில் எளிதில் அகப்படாத விஷயம் ஒன்று உண்டு. 1952-ல் திராவிட முன்னேற்றக் கழகம் நேராகத் தேர்தலில் நிற்கவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையைச் சபையில் ஆதரிப்பதாகக் கையெழுத்திட்ட அபேட்சகர்களுக்கு அது துணை நின்றது. இவ்விரு கட்சிகளின் அபேட்சகர்களும் அந்தத் துணையைப் பெற்றார்கள். எனவே ஆற்காட்டுக் கிராமத்தில் ஒருவன் இக்கட்சிகளில் ஒன்றுக்கு வோட்டளித்தபோது, காங்கிரஸுக்கு எதிராகவே வோட்டளிக்கிறோம் என்று நம்பியிருக்க இடமுண்டு. அந்த வோட்டுகளே காங்கிரஸ் மந்திரி சபையின் தூண்களில் ஒன்றாயின. இது வோட்டருக்குச் செய்த துரோகமா, அல்லது வோட்டருக்கு வாங்கித் தந்த லாபமா?

இரண்டு விதமாகவும் வாதிக்கலாம். சட்டசபை அங்கத்தினன் வெறும் தூதன் அல்லன். தன் அறிவைக் கொண்டு தொகுதியின் நன்மையை நாட வேண்டியவன் என்று 1774-ம் வருஷத்தில் பிரிஸ்டல் நகர வோட்டர்களிடம் எட்மண்ட் பர்க் வாதித்தார். அந்த நியாயப்படி நாயகரும் படையாச்சியும் செய்தது குற்றமன்று. வெளியே நின்று கூவுவதைவிட உள்ளே சென்று காரியம் சாதிப்பது மேல் என்பார் பலர். படையாச்சி சேர்ந்த காமராஜர் மந்திரி சபை, 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தை 1954-லேயே கைவிட்டது என்பதையும் மறக்கலாகாது. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஒரு குடியானவன், தன் வோட்டு வீண்போகவில்லை என்று திருப்தி அடைந்திருக்கவும் கூடும். மறுபுறம், 1957-ம் வருஷத்துத் தேர்தலில் முதன்முறையாகக் களமிறங்கிய தி. மு. கழகம் சென்னைச் சட்டசபைக்கு 15 பேரையும் லோக சபைக்கு இருவரையும் அனுப்பியது. அந்த 15 பேரில் ஒருவரான ப. உ. சண்முகம் திருவண்ணாமலையில் வென்றவர். லோக சபைக்குப் போன இருவரில் ஒருவரான தர்மலிங்கமும் திருவண்ணாமலைத் தொகுதியில் வென்றவரே. தம் பிரதிநிதிகள் கட்சி மாறியதில் மனம் கசந்த ஜனங்களின் தீர்ப்பு இது என்று ஒருவர் சொல்லலாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மற்றொருவர் மறுக்கலாம். எண்களை மட்டும் எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் இவ்வழக்குத் தீராது. சம்பந்தப்பட்டவர்களைச் சென்று கேட்பதே தீர்க்கும் வழி.

சித்தாந்தமும் அனுபவமும்

மேல்நாட்டு அரசியல் சாஸ்திரிகள் இவ்விஷயத்தில் அருமையான சில சித்தாந்தங்களை வகுத்திருக்கிறார்கள். வில்லியம் ரைக்கர் 1962-ல் வெளியிட்ட நூலில், கூட்டுச் சேர்கிறவர்கள் வெற்றிக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஆளைச் சேர்க்க விரும்பமாட்டார்கள் என்று வாதித்தார். பங்காளிகள் அதிகமானால் பங்கு குறையும் அல்லவா! அதற்கு ஒரு வருஷம் முன்பு வில்லியம் காம்ஸன் என்பவர், கூட்டாளி ஒவ்வொருவரும் கொண்டுவரும் பலத்தின் விகிதப்படியே பலனில் பங்கு எதிர்பார்ப்பர் என்று கூறினார். பிற்காலத்தார் இதை ஐரோப்பிய மந்திரி சபைகளில் வைத்துச் சோதித்து, பெரும்பாலும் பொருந்துகிறது என்று கண்டார்கள்.

நமது உதாரணத்தில் இவற்றை வைத்துப் பார்ப்போம். 188 போதுமான இடத்தில் 200 பேர் சேர்ந்தார்கள். தேர்தலில் 25 ஸ்தானங்கள் பெற்ற இரு கட்சிகளின் தலைவர்களுக்கு, காமராஜர் மந்திரி சபையில் 8-ல் 2 பதவிகள் கிடைத்தன. ஆந்திரம் 1953-ல் பிரிந்துபோய்ச் சபை சுருங்கிவிட்டது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், இந்தப் பங்கு ஸ்தானக் கணக்கைவிட மிகுதியே. ஏன்? பதவியை அளித்தவர்கள் சபையில் இருந்த தலைகளை மட்டும் எண்ணவில்லை. ஆற்காட்டுக் கிராமங்களில் இருந்த தலைகளையும், அடுத்த தேர்தலையும் சேர்த்து எண்ணினார்கள் என்று கொள்வதே பொருத்தம். அதாவது, சித்தாந்தி மறந்த கிராமத்தை அரசியல்வாதி மறக்கவில்லை. ஆராய்ச்சியாளன் மட்டும் அதை மறக்கலாமா?

கூட்டின் பெயரும் உருவும் எப்பொழுதும் ஒன்றாய் இருப்பதில்லை என்பதும் நம் ராஜதானியின் பழைய பாடம். 1926-ல் சுயராஜ்யக் கட்சியார் அதிக ஸ்தானங்கள் பெற்றும் பதவி ஏற்க மறுத்தபோது, டாக்டர் சுப்பராயன் சுயேச்சை மந்திரி சபை அமைத்தார். சைமன் கமிஷன் விவகாரத்தில் 1928-ல் அவருடைய சகாக்கள் இருவர் ராஜிநாமாச் செய்ததும், அதுவரை எதிரே இருந்த ஜஸ்டிஸ் கட்சியாரின் ஆதரவில் அதே முதல் மந்திரி தொடர்ந்தார். மந்திரி சபையின் தலை மாறவில்லை, உடல் மாறிவிட்டது. பின்னாளிலோ இதற்கு நேர்மாறு. 1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் நடந்த சட்டசபைத் தேர்தல் ஒவ்வொன்றிலும் கட்சிகள் கூட்டணி கட்டியே நின்றன. ஆயினும் தேர்தலுக்குப் பின் அமைந்த மந்திரி சபை ஒவ்வொன்றும் ஒரே கட்சியின் மந்திரி சபைதான். 2006-ல் 234-க்கு 96 ஸ்தானங்களே பெற்ற தி. மு. க.கூட, காங்கிரஸ் முதலிய துணைக் கட்சிகளை வெளியே நிறுத்தித் தனியாகவே ஆண்டது. டில்லியிலோ நம் கட்சிகள் கூட்டின் உயிர்நிலையில் கைவைத்தன. 1999-ம் வருஷம் ஏப்ரலில் அ. இ. அ. தி. மு. க. ஆதரவை வாபஸ் பெற்றதும் வாஜ்பாய் மந்திரி சபை 269-க்கு 270 என்று ஒரே வோட்டில் கவிழ்ந்தது. அந்த ஒரு வோட்டின் விலை இந்தியா முழுவதற்கும் ஒரு பொதுத் தேர்தல். இத்தகைய பாரம் தமிழ்நாட்டு வோட்டின்மீது ஏறியிருக்கையில், அந்த வோட்டின் மனத்தை அறிவது வெறும் பண்டிதர் வேலை ஆகுமா?

இரு அமெரிக்கர் கற்ற பாடம்

கிராமத்துக்குப் போய்க் கேட்டால் உண்மை வந்துவிடும் என்று நினைப்பதும் பேதைமையே. இதை நன்கு உணர்ந்தவர்கள் லாயிட் ருடால்ப், சூசான் ருடால்ப் என்ற அமெரிக்கத் தம்பதிகள். 1956-ல் இந்தியாவுக்கு வந்த இவர்கள், சென்னை ராஜ்யத்தில் ஜனங்களின் அரசியல் உணர்ச்சியை அளக்க முற்பட்டு, அந்த அனுபவத்தை 1958-ல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அவர்கள் கற்று வந்த முறைப்படி, பொறுக்கி எடுத்த ஒருவரைத் தனியே வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். அவர் சொல்வது அவருக்கே உரிய அபிப்பிராயம். நம் கிராமத்தில் நடந்தது என்ன? கேள்வி கேட்க உட்கார்ந்தவுடன் வீட்டாரும் அயலாரும் சூழ்ந்துகொண்டார்கள். தனியே பேச வேண்டும் என்றால், அப்படி என்ன ரகசியம் என்ற சந்தேகம் எழுந்தது. அபிப்பிராயம் தனி மனிதனின் சொத்து என்பது அவர்கள் கொண்டுவந்த அளவுகோலில் பொறித்திருந்த அனுமானம். வீட்டுக்கும் உறவுக்கும் பொதுவான அபிப்பிராயத்தை அந்தக் கோலால் அளக்க முடியவில்லை. சூசான் ருடால்ப் பின்னர் அமெரிக்க அரசியல் சாஸ்திர சங்கத்தின் தலைவரானார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, தமது தலைமையுரையில் இந்த அனுபவத்தையே அவர் நினைவுகூர்ந்தார் என்றால் அதன் ஆழம் விளங்கும். வன்னியர் சங்கங்களையும் மேற்சொன்ன இரு கட்சிகளையும் பற்றிச் சாஸ்திர உலகம் அறிந்தது பெரும்பாலும் இத்தம்பதிகளின் எழுத்தினால்தான். சாதிச் சங்கம் பழமையின் எச்சம் மட்டுமன்று, ஜனநாயகத்துக்குள் ஜனங்கள் நுழையும் வாயிலும் ஆகலாம் என்று அவர்கள் வாதித்ததும் இந்தக் கள அனுபவத்தின் பயனே.

ஆனால் எல்லோரும் கூடியிருக்கையில் சொல்லும் வார்த்தைதான் உண்மை என்றும் முடிவு கட்டலாகாது. நிலச்சுவான்தார் நிற்கும் திண்ணையில் அவரிடம் கூலி வேலை செய்கிறவன் என்ன சொல்லுவான்? மாமனார் முன்னிலையில் மருமகள் என்ன சொல்லுவாள்? 1963-ல் டில்லியில் ரஜனி கோத்தாரி ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையத்தார் தங்கள் தேர்தல் ஆராய்ச்சிகளில் இதற்கு ஒரு உபாயம் கைக்கொண்டார்கள். வோட்டர் பட்டியலிலிருந்து யதேச்சையாக ஆட்களைப் பொறுக்கி, வீடு தேடிச் சென்று, யாருக்கு வோட்டு என்ற கேள்வியை மட்டும் வாயால் கேளாமல், மாதிரி வோட்டுச் சீட்டில் குறியிட்டுப் பெட்டியில் போடச் செய்தார்கள். பேச வேண்டியதைக் கூட்டத்தில் பேசலாம். மறைக்க வேண்டியது மறைந்தே இருக்கும். சிறு பெட்டிதான், ஆனால் அதற்குள் ஒரு ஏழையின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

மலையைச் சுற்றிப் பார்ப்பது

திருவண்ணாமலை ஜில்லாவுக்குக் களஆராய்ச்சி புதிதன்று. சென்னை சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதார ஆசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த கிராமங்களில், செய்யாற்றுப் பக்கத்துத் தூசியும் ஒன்று. 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. ஸி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களுக்கு மறுபடியும் ஆட்களை அனுப்பி மறு ஆராய்ச்சி செய்வித்தார்கள். 1973-ல் கேம்பிரிட்ஜ், சென்னை சர்வகலாசாலைகளைச் சேர்ந்த குழுவினர் நெல் விவசாயத்தை ஆராய வந்தார்கள். அக்குழுவில் ஒருவரான பார்பரா ஹாரிஸ் ஆரணிக்கும் அதன் சுற்றுக் கிராமங்களுக்கும் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். மற்றொருவரான ராபர்ட் சேம்பர்ஸ், கிராம ஆராய்ச்சி செய்கிறவர்களின் குறைகளை 1983-ல் ஒரு நூலில் பட்டியலிட்டார். தார்ச்சாலை ஓரத்து வீடுகளையே பார்ப்பது, மழையும் சேறும் இல்லாத காலத்திலேயே வருவது, ஊர்ப் பெரியவர்களையும் ஆண்களையும் மட்டும் கேட்பது, மரியாதை கருதிக் கசப்பான கேள்விகளை விட்டுவிடுவது என்று அவர் சொன்னவை இன்றும் பொருந்தும்.

அடி அண்ணாமலையிலேயே இதைப் பரீக்ஷித்துப் பார்க்கலாம். பௌர்ணமியன்று வருகிற ஆராய்ச்சியாளன் காண்பது ஊரையன்று. மலையை வலம்வரும் யாத்திரிகர் வெள்ளத்தையே. கிரிவலப் பாதையோரத்துக் கடைக்காரரைக் கேட்டால், யாத்திரிகரை நம்பிப் பிழைக்கிறவரின் அரசியல் தெரியும். பாதையை விட்டு உள்ளே சென்றால் நிலத்தை நம்பிப் பிழைக்கிறவரின் அரசியல் வேறாக இருக்கக்கூடும். ஆதிதிராவிடர் வசிக்கும் தெருவுக்குப் போகாதவன், சமூகத்தைப் பெயராகக் கொண்ட கட்சிகளின் கூட்டு அங்கே எந்தப் பயத்தையும் எந்த நம்பிக்கையையும் எழுப்புகிறது என்பதை அறியவே மாட்டான். கேட்கிறவன் எந்தச் சாதி, எந்த ஊர், யாருடைய வீட்டில் தங்கியிருக்கிறான் என்பதைக் கிராமம் அவன் வாய் திறக்குமுன்னே அறிந்துவிடும். பதிலும் அதற்குத் தக்கபடியே வரும். ஆகையால் ஒருவன் போன இடத்துக்கு வேறொருவனும் போக வேண்டும். தேர்தல் காலத்தில் கேட்டதைத் தேர்தல் இல்லாத காலத்திலும் கேட்க வேண்டும். தலைவர்கள் பின்னாளில் சொல்லும் கூட்டுப் பேச்சுக் கதைகளைச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளோடும் அந்தந்த நாட்பத்திரிகைகளோடும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

இந்த மலை ஓரிடத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தோன்றும்; பாதையில் நடக்க நடக்க இரண்டாகவும் மூன்றாகவும் ஐந்தாகவும் தோன்றும் என்பது இவ்வூரார் அனைவரும் அறிந்தது. எதுவும் பொய்த் தோற்றமன்று. நின்ற இடத்தின் தோற்றம். கிழக்கே பெரிய கோயில் வாசலில் மட்டும் நின்று பார்த்தவன், மலை இதுதான் என்று சாதித்தால் அடி அண்ணாமலையார் சிரிப்பார்கள். கோட்டையில் மட்டும் நின்று கூட்டு மந்திரி சபையைப் பார்த்தவன் நிலையும் அதுவே.

இத்தலத்தின் புராணம் ஆராய்ச்சியாளனுக்கு மற்றொரு எச்சரிக்கையும் செய்கிறது. அடியைத் தேடிச் சென்ற திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். முடியைக் காணாத பிரமனோ கண்டேன் என்று சொல்லித் தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்து வந்தான். தேர்தலுக்கு முன் சில நூறு பேரைக் கேட்டுவிட்டு ராஜ்யம் முழுவதன் மனமும் கண்டோம் என்று பறைசாற்றுகிறவர்களும், தமக்கு வேண்டிய கட்சி ஜெயிக்கும் என்று கணக்குக் காட்டுகிறவர்களும் தாழம்பூவைக் கையில் வைத்திருப்பவர்களே. எத்தனை பேரைக் கேட்டோம், எந்தெந்தத் தெருவில் கேட்டோம், யார் பதில் சொல்ல மறுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று வெளியிடாத எந்தக் கணிப்பையும் ஜனங்கள் நம்ப வேண்டியதில்லை.

நமது கடமை

பாடுபடுகிற கட்சி ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆராய்ச்சி சர்வகலாசாலைக்காரர் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. கூட்டுச் சேரும் கட்சி எதுவாயினும், சேருமுன் தன் வோட்டர்களிடம் சென்று இன்ன காரணத்துக்காக, இன்ன நிபந்தனையின் பேரில் சேருகிறோம் என்று சொல்ல வேண்டும். பிரியும்போதும் அவ்வாறே சொல்ல வேண்டும். தலைவர்கள் இதைச் செய்யாமல் போனால் கேட்கும் உரிமை கிராமத்துக்கு உண்டு. 1954-ல் ஆற்காட்டில் இரண்டு கட்சிகள் மறைந்தன. அவற்றைப் பெற்றெடுத்த மனக்குறை மறையவில்லை. அதே வட ஜில்லாக்களில் 1980-களில் வன்னியர் சங்கத்தின் கிளர்ச்சி எழுந்தது. 1987-ம் வருஷத்துச் சாலை மறியலில் உயிர்கள் பலியாயின. 1989-ல் மிகவும் பிற்பட்ட வகுப்பாருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. அவ்வருஷமே பாட்டாளி மக்கள் கட்சியும் பிறந்தது. தலைவருக்குப் பதவி கிடைத்ததும் ஜனங்களின் குறை தீர்ந்தது என்று கணக்கை மூடிவிட்டால், 35 வருஷம் கழித்தாவது அக்கணக்கு மறுபடி திறக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆராய்ச்சியாளருக்கும் ஒரு வார்த்தை. கிராமத்தானின் நேரத்தையும் நம்பிக்கையையும் வாங்கிக்கொண்டு போய், அந்நிய பாஷையில் நூல் எழுதிப் பட்டம் பெற்றுவிட்டு, ஊர்ப்பக்கம் திரும்பிப் பாராதிருப்பது தர்மமன்று. கண்டதைத் தமிழில் எழுதி, கேட்ட ஊரிலேயே படித்துக் காட்டட்டும். சொன்னவர் பெயர் வெளிப்பட்டு அவருக்குத் தீங்கு வராமல் காக்கட்டும். நாங்கள் சொன்னது இதுவல்ல என்று ஊரார் திருத்தினால் அத்திருத்தத்தையும் எழுதிக்கொள்ளட்டும். மந்திரி சபைகள் கூடும், கலையும். வோட்டளித்தவன் தன் வோட்டுக்கு நேர்ந்த கதியை அறிந்துகொண்டே அடுத்த முறை சாவடிக்குப் போவானாயின், அதுவே ஜனநாயகத்துக்கு உறுதியான அடித்தளம்.